வீட்டுக்கொரு கோப்பு

2079-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 28-ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு, கோயம்புத்தூர் பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை நடத்திவந்த நல்லசிவத்தின் வீட்டில், அவ்வீட்டாருக்கென ஒரு குறுந்தரவகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு நான்கு பேர் கூடினர். நல்லசிவம், அவர் மனைவி சுகந்தி, கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த தங்கை கோகிலவாணி, வீடுகளுக்குத் தரவகம் தேர்ந்து தரும் உரிமம் பெற்ற தேர்வர் மைமூன் பேகம் ஆகியோரே அந்நால்வர். வாணியின் மகள் ஜெசிந்தாவும் அங்கே இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. ஆகையால் அவள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மைமூன் பேகம் பெட்டியைத் திறந்து, ஒரு தட்டில் செவிமுத்துகளைப் பரப்பினார். ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதையின் அளவே இருந்தது. மங்கல் காய்ச்சல் உலகைச் சுற்றிவந்த பின்னர், பதினைந்து வயதைக் கடந்த எவருடைய மூளையிலும் மனிதர்கள் தங்குவதில்லை. மொழி தங்கும், கைத்தொழில் தங்கும், வீட்டுக்குப் போகும் வழி தங்கும். எதிரே நிற்பவர் யார், அவர் நமக்கு என்ன உறவு, அவரோடு நமக்கு நேர்ந்தவை எவை என்பன மட்டும் ஓர் உறக்கத்தில் கரைந்துவிடும். தன் பெயரும் அவ்வாறே கரையும். ஆகவே மக்கள் தம்மையும் தம் உறவுகளையும் ஒரு தரவகத்தில் எழுதிவைத்து, காதின் பின்புறம் பதித்த முத்தின் வழியே அதைப் படித்துக்கொண்டு வாழ்ந்தனர். ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் முத்து தேடி எடுத்துக் கொடுத்துவிடும். தாயைத் தாயென்று அறிவதற்கு இமைக்கும் நேரமும் தேவைப்படாது.

முன்பு அரசே எல்லாருடைய பதிவுகளையும் ஓரிடத்தில் வைத்துக் காத்தது. அது ஒருமுறை களவுபோயிற்று. ஆயிரக்கணக்கானோர் பிறர் மனைவியைத் தம் மனைவியென்று நம்பி அழைத்துச்சென்ற பிறகு, அரசு தன் பதிவகத்தை எரித்துவிட்டது. அதன் பின் எந்த மென்பொருளில் எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்பன அவரவர் வீட்டு விருப்பமாயின. தன்தரவு உரிமை என்று அதற்குப் பெயர் சூட்டிப் பள்ளிப் பாடங்களில் புகழ்ந்திருந்தார்கள்.

"ரெண்டு சரக்கு காட்டறனுங்க," என்றார் மைமூன் பேகம். "இது கோட்டை. ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. உங்களுதுல நீங்கதான் எழுத முடியும், வீட்டம்மாவுதுல வீட்டம்மாதான். எதை அழிச்சாலும் ஒரு பிரதி உள்ள கெடக்கும். ஆனா கனமான மென்பொருள். முத்து சூடாகும். சித்திரை வெயில்ல காதோரம் கொப்புளிச்சவங்க இருக்கறாங்க."

"தோசைக்கல்லக் காதுல வெச்ச மாதிரி இருக்குமுன்னு எங்க பக்கத்து வீட்ல சொன்னாங்க," என்றாள் சுகந்தி.

"இது சிட்டு. எடையே கெடையாது. வீடு மொத்தத்துக்கும் ஒரே கோப்பு. பூட்டு இல்ல, காவல் இல்ல, யாரு என்னன்னு கேக்காது. வீட்ல யாரு வேணும்னாலும் எழுதலாம்; எழுதினது எல்லாருக்கும் ஒண்ணுபோலத் தெரியும். ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருத்தர் எழுதறப்ப இன்னொருத்தர் எழுத முடியாது. அவர் 'முடித்தேன்'னு சொல்ற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும்."

"தெருக்கொழாய்ல ஒருத்தி கொடத்த வெச்சுட்டா மத்தவ நிக்கற மாதிரி."

"அதேதானுங்க."

நல்லசிவத்தின் முகம் மலர்ந்ததை மைமூன் பேகம் கவனித்தார். தேர்வராக அவர் எத்தனையோ வீடுகளில் அமர்ந்திருக்கிறார். வெப்பத்தை எண்ணிச் சிட்டைக் கேட்பவர் உண்டு. பூட்டில்லை என்பதற்காகவே கேட்பவரும் உண்டு. இரண்டாம் வகையினரை அவர் அடையாளம் கண்டுகொள்வார். கண்டுகொண்டு பேசாமல் இருப்பது அவருடைய தொழிலின் ஒழுங்கு.

"பிரதி எடுத்து வெச்சுக்கறீங்களா? சிட்டு தானா எடுக்காது. தனியாச் சொல்லணும்."

"எதுக்குங்க? வீட்டுக்குள்ள யாரு திருடப் போறா?" என்றார் நல்லசிவம்.

"நான் கேக்க வேண்டியது கேள்வி. பதில் உங்களுது." அவர் பலகையில் குறித்துக்கொண்டார். "இப்ப ஆளுங்கள எழுதிருவோம். சிட்டுல ஒரு ஆளுக்கு ஒரே இடந்தான். யாராவது ஒருத்தருக்குக் கீழ எழுதணும். மேல இருக்கறது தலைவரி, கீழ இருக்கறது சார்வரி. நீங்க உங்க அய்யனுக்குக் கீழ. உங்க வீட்டம்மா உங்களுக்குக் கீழ. பட்டறை, ஒரம்பரைச் சொந்தக்காரங்க, வெளியாளுக எல்லாம் அய்யனுக்குக் கீழயே இருக்கட்டும். உங்க தங்கச்சி?"

வாணி மகளின் சடையைப் பின்னி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னையும் அய்யன் பேருக்குக் கீழயே போட்டுருங்க. என் வீட்டுக்காரரையும் பாப்பாவையும் எனக்குக் கீழ எழுதுங்க."

"அதெப்படி?" என்றார் நல்லசிவம். "பொம்பளைக்குக் கீழ ஆம்பளைய எழுதற வழக்கம் எந்த ஊர்ல இருக்குது?"

"மென்பொருளுக்கு வழக்கமெல்லாம் கெடையாதுங்க," என்றார் மைமூன் பேகம். "எப்படி எழுதினாலும் எடுத்துக்கும்."

"எனக்கு இருக்குதுங்க. எங்கய்யன் கண்ண மூடற வரைக்கும் இவ பேரச் சொல்லல. லூர்துராஜ்தான் வேணும்னு போனவ லூர்துராஜுக்குக் கீழயே இருக்கட்டும். கணவர் பெயர்ன்னு ஒரு கட்டம் இருக்குமல்ல, அதுல எழுதுங்க. பாப்பாவுக்குத் தகப்பன் பெயர். மொறைன்னு ஒண்ணு இருக்குது."

"அண்ணா, அவர்தான் இப்ப இல்லயே."

"இல்லாட்டிப் போனா? செத்தவனுக்கும் பொண்டாட்டி பொண்டாட்டிதான். இனிசியல மாத்திக்குவியா?"

சுகந்தி சிரித்தாள். மைமூன் பேகம் சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்லிர்றனுங்க. சொல்லலைன்னு பின்னால பேச்சு வரக்கூடாது. சிட்டுல தலைவரி போச்சுன்னா அதைச் சார்ந்த வரி ஒண்ணு விடாமப் போயிரும். தொடர்நீக்கம்னு பேரு. எடை கொறச்சலா இருக்கறதே அதனாலதான். ஒட்டும் தூசியும் தங்காது."

"ஒட்டும் தூசியும் தங்காதுன்னா நொம்ப நல்லதுங்க," என்றார் நல்லசிவம்.

அன்று பகலுக்குள் வீட்டார் மூவர் முத்திலும் சிட்டு குடியேறியது. மைமூன் பேகம் தம் முத்திலிருந்து அவ்வீட்டை நீக்கிக்கொண்டு புறப்பட்டார். ஒரு வீட்டின் அமைப்பைத் தேர்வர் வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்பது விதி.

*

லூர்துராஜ் பல்லடம் பக்கம் காற்றாலைகளில் பழுது பார்த்தவர். கோபுரத்தின் உச்சியில் வேலை செய்துகொண்டிருந்தபோது இடுப்புவார் அறுந்து விழுந்து இறந்தார். இந்தச் செய்தியை வாணி ஒவ்வொரு நாளும் புதிதாக அறிந்தாள். காலையில் கண்விழித்துச் சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பாள். முத்து முதலில் அவரைத் தரும்: ரேஸ்கோர்ஸ் சாலையில் குடையில்லாமல் நனைந்து நின்றவர், உப்பில்லாத ரசத்தைப் பாராட்டிக் குடித்தவர், மகளுக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டு ஒரு சடையை எப்போதும் மேலே தூக்கியே பின்னியவர். ஒரு கணம் அவள் முகம் ஒளிரும். மறு கணம் முத்து எஞ்சியதைத் தரும். அதன்பின் அவள் அழுவாள். ஜெசிந்தா பல் துலக்கிவிட்டு வந்து, பழக்கத்தின் காரணமாகத் தாயின் முதுகில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"தெனமும் காலையில புதுசா ஒரு சாவு," என்றாள் சுகந்தி கணவனிடம். "இந்த வீட்ல காப்பி குடிக்கறதா, எழவு கேக்கறதா? நீங்களே சொல்லுங்க மாமா."

நல்லசிவத்துக்கு வேறொரு கவலை இருந்தது. வாணிக்கு முறைமாப்பிள்ளையான குழந்தைவேல், சிங்காநல்லூரில் வார்ப்பட ஆலை வைத்திருந்தான், மனைவியை இழந்தவன். நல்லசிவத்தின் பட்டறைக்கு அவன் ஆலையின் வார்ப்புகளே உயிர். அவன் வேறிடத்தில் பெண்ணெடுத்தால் அந்த உறவும் அதனோடு வார்ப்புகளும் வேறிடத்துக்குப் போய்விடும். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் குழந்தைவேல் தன் தாயுடன் வந்து, வாணியைப் பார்த்து நேரடியாகவே கேட்டான்.

"என் மனசுல ஒருத்தர் இருக்கறாருங்க," என்றாள் வாணி.

"இருக்கறவரோட சேந்து நானும் குடும்பம் நடத்த முடியாதுங்களே," என்றான் குழந்தைவேல். அவனிடம் கோபம் இல்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நல்லசிவத்தைப் பார்த்தான். "மச்சான், பொண்ணு கோப்புல வேற வீட்டுக்காரன் இருக்கற வரைக்கும் சட்டப்படியே கல்யாணம் செல்லாது. உங்களுக்குத் தெரியாததா?"

"ஒரு வாரம் பொறுங்க மாப்ள," என்றார் நல்லசிவம். "எந்தங்கச்சி உங்களுக்குத்தான். இது எம்பேச்சு." குழந்தைவேல் அந்தப் பேச்சைத் தன் தரவகத்தில் அங்கேயே எழுதிக்கொண்டான்.

வாணியின் மனம் மாறவில்லை. மாறாத மனத்தோடு வாதிடுவதைக் காட்டிலும், அதில் உள்ளதை எடுத்துவிடுவது எளிது என்று நல்லசிவம் முடிவு செய்தார். அதற்காகவே அவர் சிட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். லூர்துராஜ் என்ற வரி போனால், அந்த மழை, தேவாலயத்தில் நடந்த அந்தக் கல்யாணம், அந்தச் சாவு ஆகிய எல்லாச் சார்வரிகளும் போகும் என்று அவர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். பெண்களை ஆணுக்குக் கீழே எழுதுவது அவருடைய கருத்தில் மரியாதை. மரியாதையாக எழுதியதற்கு ஒரு விளைவு இருக்கும் என்று அவர் எண்ணிப்பார்த்ததில்லை.

செப்டம்பர் 18-ஆம் நாள் அந்தி வேளையில், பட்டறையிலிருந்து திரும்பியவுடன், அவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து முத்தைத் தொட்டார். எழுதும் உரிமை அவருக்கு வந்தது. லூர்துராஜ் என்று நினைத்தார். நீக்கு என்று நினைத்தார். இவரைச் சார்ந்தவை அனைத்தும் நீங்கும், சம்மதமா என்று முத்து கேட்டது. சிட்டு ஒரு முறைதான் கேட்கும். சம்மதம் என்றார்.

'முடித்தேன்' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அதை அவர் மறக்கவும் இல்லை.

*

வாணி அப்போது மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். உறங்கும்வரை மூளை பகலின் நினைவுகளைத் தன் வலிமையாலேயே வைத்துக்கொள்ளும். ஆகவே அவளுக்கு எதுவும் மறையவில்லை. விளக்கேற்றப் போனபோதுதான் தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள். படத்தில் கணவன் இருந்தான். அவளுக்கு அவனைத் தெரிந்தது. ஆனால் காதின் பின்னால் எந்த அசைவும் இல்லை. முத்து அந்த முகத்தைக் காணவே இல்லை என்பதுபோல் ஊமையாக இருந்தது. அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். அப்போதும் முத்து பேசவில்லை.

கையில் மாவோடு கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணா, என்ன பண்ணுனீங்க?"

நல்லசிவம் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார். "உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கறேன். நாளைக்குக் காலைல எந்திரிச்சா அழுவாச்சி இருக்காது. படத்தையும் கழட்டிர்லாம்."

"ஜெசியும் அவருக்குக் கீழதானுங்களே இருக்கறா?"

அவர் ஒரு கணம் தடுமாறினார் என்பது உண்மை. பின்பு, தடுமாற்றத்தைத் தம் வழக்கப்படி வசதியாக மாற்றிக்கொண்டார். "செரி, போனாப் போகுது. தூரத்துச் சொந்தத்துல ஒரு புள்ளைன்னு காலைல நானே எழுதி விட்டர்றேன். ஹாஸ்டல்ல சேத்தர்லாம். மாப்ளையும் புள்ளையோட வந்தா யோசிப்பாரு."

"பெத்தவளுக்கு மறந்து போயிருமுங்க அண்ணா."

"மறந்து போறவளுக்கு என்ன வலி?"

"நானும் அவருக்குக் கீழதான் இருக்கறேன். நீங்கதான அங்க எழுதச் சொன்னீங்க? என் வரியும் போயிருச்சு. காலைல உங்களுக்கும் என்னத் தெரியாது."

நல்லசிவம் உரக்கச் சிரித்தார். "கேட்டியா சுகந்தி? கூடப் பொறந்தவள எழுதி வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமாம். அட அம்மிணி, எங்கண்ணு முன்னால நிக்கறே. நீ எங்க போயிருவே?"

காய்ச்சலுக்குப் பின் முப்பது ஆண்டுகள் முத்தின் தயவில் வாழ்ந்தவர் அவர். காலைதோறும் உறவுகள் தவறாமல் வந்து நின்றதால், அவை தம் இரத்தத்திலிருந்தே வருகின்றன என்று நம்பத் தொடங்கியிருந்தார். இது அவர் ஒருவருடைய பிழையன்று.

வாணி வாதத்தை நிறுத்தினாள். அடுக்களைக்குள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு முத்தைத் தொட்டாள். ஜெசிந்தா, என் மகள் என்று எழுத முயன்றாள். வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், காத்திருக்கவும் என்றது முத்து. மறுபடி தொட்டாள். காத்திருக்கவும். கூடத்துக்கு ஓடினாள்.

"அண்ணா, 'முடித்தேன்'னு சொல்லுங்க. ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதிக்கறேன். அவரு வேண்டாம், போகட்டும். நீங்க சொல்ற மாப்ளையவே கட்டிக்கறேன். பாப்பாவ மட்டும் எழுதிக்கறேன்."

"காலைல சொல்றேன்."

"நங்கை, நீங்களாவது சொல்லுங்க," என்று அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பெத்தவதான?"

"எம்புள்ளைக ரெண்டும் துபாய்ல இருக்குது, மாசம் ஒரு தடவ மூஞ்சி காட்டுது," என்றாள் சுகந்தி. "தெரிஞ்சு வெச்சு நான் என்ன சொகத்தக் கண்டேன்? போய்ப் படு. பால் கொண்டாறேன்."

வாணி மகளை அழைத்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனாள். காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று ஜெசிந்தா கேட்டாள். தாய் மறுத்துத் தலையசைத்தாள். முத்து ஒப்பாத எழுத்தை எவரும் நம்புவதில்லை. தெருவில் போகிறவன் கையில் ஒரு சீட்டைத் திணித்து நான் உன் தம்பி என்று சொல்லும் ஏமாற்றுக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அப்படிப் பழகிவிட்டது.

"நாளைக்கு நான் உன்னப் பாத்து யாரு நீன்னு கேப்பேன்," என்றாள் வாணி.

"கேக்க மாட்டே."

"கேப்பேன் கண்ணு. அப்ப நீ அழுவாமச் சொல்லணும். நாந்தான் ஜெசி, நீ எங்கம்மான்னு சொல்லணும்."

"சொன்னா நம்புவியா?"

"நம்ப மாட்டேன். அப்பறமும் சொல்லு."

"எத்தன நாளைக்கு?"

வாணி மறுபடி முத்தைத் தொட்டாள். காத்திருக்கவும். விழித்தே இருந்துவிட்டால் விடிந்தபின் அண்ணன் அந்தச் சொல்லைச் சொல்வார், உடனே எழுதிவிடலாம் என்று அவள் கணக்கிட்டாள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் சுகந்தி கொண்டுவந்த பாலில் தூக்க மாத்திரை கரைந்திருந்தது. ஒருமுறை உறங்கி எழுந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்பது சுகந்தியின் எண்ணம். அவளுக்கு வாணியிடம் தனிப்பட்ட பகை எதுவும் இருந்ததில்லை. குடித்த சிறிது நேரத்தில் வாணியின் தலை மகளின் தோளில் சாய்ந்தது. ஜெசிந்தா அவளை உலுக்கினாள்; கிள்ளினாள்; முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பிறகு உலுக்குவதை நிறுத்திவிட்டுத் தாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

*

காலையில் நல்லசிவம் எழுந்தவுடன் முத்து ஒன்றைக் கேட்டது: எழுத்து முடியாமல் இருக்கிறது, முடிக்கலாமா? எதை எழுதத் தொடங்கினோம் என்று அவர் தேடினார். கோப்பில் அதற்கான சுவடே இல்லை. 'முடித்தேன்' என்றார்.

அடுக்களையில் ஒரு பெண் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தாள். நல்லசிவம் வாசற்படியிலேயே நின்றார். முத்து வாய்திறக்கவில்லை.

"ஏனுங்க, நீங்க யாரு?"

அவள் திரும்பினாள். நேர்த்தியாகச் சேலை கட்டியிருந்தாள். "தெரியலைங்க," என்றாள். "எந்திரிச்சேன். அடுப்பு இருந்துச்சு. சமையலுக்கு வந்தவளா இருக்கும்னு நெனச்சேன்."

"சுகந்தி! சமையலுக்கு ஆள் சொல்லியிருந்தியா?"

சுகந்தி வந்து மேலும் கீழும் பார்த்தாள். "நான் யாரையும் சொல்லலையே. நகையெல்லாம் இருக்குதான்னு பாருங்க மாமா."

அப்போது பின்கட்டிலிருந்து ஜெசிந்தா வந்தாள். அழக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததால் அவள் அழவில்லை. "நாந்தான் ஜெசி. நீ எங்கம்மா. உம் பேரு கோகிலவாணி. இது உங்கண்ணன். இவங்க உன் நங்கை."

வாணி குனிந்து அந்தக் குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு சடை அவிழ்ந்திருந்தது. அதைப் பின்னிவிட அவள் கைகள் தாமாகவே நீண்டன. பிறர் குழந்தையைக் கேளாமல் தொடுவது முறையன்று என்று எண்ணி அவள் கைகளை மடக்கிக்கொண்டாள்.

"உங்கம்மா எங்க பாப்பா? தேடுவாங்கல்ல?"

"நீதான். சத்தியமா நீதான். இப்ப எழுது. மாமா 'முடித்தேன்'னு சொல்லிட்டாரு, எனக்குக் கேட்டுச்சு. காதத் தொட்டு, ஜெசிந்தா என் மகள்னு எழுது. ஒரு தடவ எழுதிட்டாப் போதும்மா. எழுதும்மா!"

எழுதும் உரிமையை அப்போது எவரும் பிடித்து வைத்திருக்கவில்லை. கோப்பு திறந்தே கிடந்தது. வாணி முத்தைத் தொட்டிருந்தால் சிட்டு அவளை யாரென்று கேட்டிராது. சொன்னதை அப்படியே ஏற்றிருக்கும்.

"அடுத்தவங்க வீட்டுக் கோப்புல நான் எழுதக் கூடாது பாப்பா," என்றாள் வாணி மெதுவாக. "அது தப்பு."

நல்லசிவம் அந்தப் பதிலைக் கேட்டு, வந்திருப்பவள் யாராயினும் நல்ல வளர்ப்பு என்று மனத்துக்குள் மெச்சினார். பிறகு காவல் நிலையத்துக்குச் செய்தி அனுப்பினார்.

அன்று பிற்பகல் குழந்தைவேல் தொலைபேசியில் பேசினான். ஒரு வாரம் ஆயிற்றே, தங்கை என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

"எந்தத் தங்கச்சிங்க மாப்ள?" என்றார் நல்லசிவம். "எனக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதே."

"மச்சான், பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லுங்க. எந்தங்கச்சி உங்களுக்குத்தான், இது எம்பேச்சுன்னு நீங்க சொன்னது அப்படியே என் கோப்புல இருக்குது. எங்கம்மா கோப்புலயும் இருக்குது. எங்களையென்ன காதுல பூ வெச்சவங்கன்னு நெனச்சீங்களா?"

நல்லசிவம் சத்தியம் செய்தார். அவர் செய்த சத்தியங்களில் அதுவே முழு உண்மையானது. அந்த மாதத்தோடு சிங்காநல்லூரிலிருந்து வார்ப்பு வருவது நின்றது. காரணம் எதுவும் இல்லாமல் ஒரு சொந்தக்காரன் தம்மைப் பொய்யன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதாக, அவர் மிகுந்த மனவருத்தத்தோடு சிட்டில் எழுதிவைத்தார்.

*

மாவட்ட உறவுத் தீர்வாயம் அக்டோபர் 9-ஆம் நாள் கூடியது. ஓர் உறவு நிலைக்க வேண்டுமானால் இருதரப்புக் கோப்பிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைவேலின் கோப்பில் நல்லசிவத்துக்கு ஒரு தங்கை இருந்தாள்; நல்லசிவத்தின் கோப்பில் இல்லை. ஆகவே அது ஒருதலைப் பதிவு என்று தள்ளப்பட்டது. அக்கம்பக்கத்தாரின் கோப்புகளில், நல்லசிவம் வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. மைமூன் பேகம் அழைக்கப்பட்டார். அவ்வீட்டுக்குத் தாம் சென்றதற்கான பதிவு விதிப்படி தம்மிடம் இல்லை என்று சொன்னார். சிட்டு பற்றி மட்டும் கேட்டதற்கெல்லாம் தெளிவாக விடையளித்தார்.

ஜெசிந்தா எவரும் கேட்காமலே எழுந்து நின்றாள். பெயர்களையும், ரேஸ்கோர்ஸ் சாலையையும், காற்றாலையையும், மாவையும், பாலையும், 'முடித்தேன்' என்ற சொல்லையும் ஒன்று விடாமல் சொன்னாள். அறையில் இருந்த பெரியவர்கள் அனைவரும் அசையாமல் கேட்டார்கள்.

"இவ்வளவும் எங்க எழுதி வெச்சிருக்கம்மா?" என்று தீர்வாயத் தலைவர் கேட்டார்.

"எழுதலைங்க. எனக்குத் தெரியும்."

தலைவர் பரிவோடு தலையசைத்து, உட்காரும்படி சைகை காட்டினார்.

முடிவுகள் அன்றே அறிவிக்கப்பட்டன. பெயரற்ற அப்பெண் எவருக்கும் உறவினள் அல்லள். அவள் பொள்ளாச்சிச் சாலையில் உள்ள பதிவிலார் இல்லத்துக்கு அனுப்பப்பட வேண்டும்; அங்கே புதிய கோப்பு தொடங்கி, இல்லக் காப்பாளரைத் தலைவரியாக வைத்து, அவருக்குக் கீழே அவளை எழுத வேண்டும். குழந்தைக்குப் பதிவுபெற்ற தாய் இல்லாமையால், உறவில்லாத பெண்ணோடு அதனை ஒரே இல்லத்தில் தங்கவைக்க இயலாது. அது ஈரோட்டுக் குழந்தைகள் காப்பகத்துக்குச் செல்லும். அறியாத பெண் வீட்டுக்குள் புகுந்தாள் என்ற நல்லசிவத்தின் புகார் ஏற்கப்பட்டது. சிட்டு என்னும் மென்பொருள் எழுதியதை எழுதியவாறும், நீக்கியதை நீக்கியவாறும் செய்திருப்பதால் அதில் குறை எதுவும் காணப்படவில்லை. வீட்டு உபயோகத்துக்கான அதன் அனுமதி மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. குழந்தை சொன்னவை எந்தக் கோப்பிலும் எழுதிக்கொள்ளப்படவில்லை. அதற்குப் பதினைந்து வயது நிறையும் நாளில், அரசுச் செலவில், ஒரு செவிமுத்து பொருத்தப்படும் என்றும் தீர்மானிக்கப்பட்டது.